முதலில் எந்த பாட்டில்? என்.எஸ்., ஆர்.எல்., டி.என்.எஸ். – ஓர் ஒப்பீடு

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பத்து, இருபது படுக்கைகளோடு நடக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளில் ராத்திரி டியூட்டி பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. பேதியோ, காய்ச்சலோ, வெயிலில் வந்த மயக்கமோ, ஆள் படுக்கைக்கு வந்ததும் கையில் வென்ஃப்ளான், அதாவது நரம்புக்குள் செருகும் குழாய் ஊசி, ஏறும். அடுத்து சிஸ்டர் கேட்பார்: "டி.என்.எஸ். போட்டுரவா டாக்டர்?" அரைத் தூக்கத்தில் இருப்பவர் தலையை ஆட்டுவார். பாட்டில் தொங்கிவிடும்.

ஏன் டி.என்.எஸ்., அதாவது டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) சேர்த்த உப்பு நீர், என்று கேட்டால் யாரிடமும் சரியான பதில் இருக்காது. உப்பும் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது, தெம்பு வரும் என்பதுதான் எண்ணம். வீட்டாரும் "ஒரு குளுக்கோஸ் ஏத்தி விடுங்க சார்" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருகிறார்கள். அலமாரியில் என்.எஸ்., ஆர்.எல்., டி.என்.எஸ்., ஐந்து சத டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் வரிசையாக இருக்கும். விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. அப்படியிருக்க, கைக்கு எட்டியது என்பதைத் தவிர ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேறு காரணமும் இருக்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீர்ச்சத்து இழந்து வரும் பெரியவருக்கு, வேறு காரணம் தெரியாதவரை, முதல் பாட்டில் ஆர்.எல்., அதாவது ரிங்கர் லாக்டேட். என்.எஸ். எனப்படும் நார்மல் சலைன் சில இடங்களில் ஆர்.எல்.லை விடச் சரியானது. அந்த இடங்களைப் பெயர் சொல்லித் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். டி.என்.எஸ்.ஸை முதல் பாட்டில் என்ற இடத்திலிருந்து இறக்கிவிடலாம். வெறும் ஐந்து சத டெக்ஸ்ட்ரோஸ், நீரிழப்பை ஈடுசெய்யும் போட்டியிலேயே இல்லை. இது டியூட்டி டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் மருந்து வாங்கி வைக்கும் நிர்வாகத்துக்கும் எழுதியது. வீட்டார் படித்தாலும் புரியும். வீட்டில் பாட்டில் ஏற்றிக்கொள்ள மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று லேபிளைத் திருப்பிப் பார்ப்போம். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் ஒரு லிட்டருக்கு சோடியம் 135 முதல் 145 மில்லிமோல், குளோரைடு நூறு சொச்சம், பொட்டாசியம் 3.5 முதல் 5. என்.எஸ். என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு. சோடியம் 154, குளோரைடு 154, வேறு எதுவும் இல்லை. ஆர்.எல்.லில் சோடியம் 130 பக்கம், குளோரைடு 110 பக்கம், பொட்டாசியம் 4 முதல் 5, கொஞ்சம் கால்சியம், அப்புறம் 28 அல்லது 29 லாக்டேட். டி.என்.எஸ். என்பது அதே என்.எஸ்.ஸுடன் லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ் சேர்த்தது. ஐந்து சத டெக்ஸ்ட்ரோஸில் அந்த 50 கிராம் குளுக்கோஸ் மட்டும், உப்பே கிடையாது.

ஏற்றிய நீர் உடம்பில் எங்கே போய்ச் சேர்கிறது என்பது அடுத்த கேள்வி. உப்பு எங்கே நிற்கிறதோ அங்கே தண்ணீரும் நிற்கும். என்.எஸ்., ஆர்.எல். இரண்டும் செல்களுக்கு வெளியே தங்கும். ஒரு லிட்டர் ஏற்றினால் சுமார் கால் லிட்டர் ரத்தக்குழாய்க்குள் நிற்கும், மீதி திசுக்களின் இடைவெளிக்குப் போகும். ஐந்து சத டெக்ஸ்ட்ரோஸில் உள்ள சர்க்கரையை உடம்பு எடுத்துக்கொண்டதும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் புகுந்துவிடும். ரத்தக்குழாயில் நிற்பது ஒரு லிட்டருக்கு 80 மில்லி அளவுதான். பி.பி. இறங்கிக் கிடப்பவருக்கு இதை ஏற்றுவதால் பயனில்லை. சோடியம் ஏற்கெனவே குறைந்தவருக்கு ஏற்றினால் மூளை வீங்கும். அதை இத்தோடு விட்டுவிடலாம்.

உண்மையான போட்டி என்.எஸ்.ஸுக்கும் ஆர்.எல்.லுக்கும்தான். குளோரைடுதான் இங்கே வம்பு. பிளாஸ்மாவை விட ஒன்றரை மடங்கு குளோரைடு உள்ள நீரை லிட்டர் லிட்டராக ஏற்றும்போது ரத்தத்தில் அமிலத்தை அடக்கும் பைகார்பனேட் குறைந்து அமிலத்தன்மை ஏறுகிறது. சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக்குழாய்களும் சுருங்குகின்றன. ஏற்கெனவே பேதியில் பைகார்பனேட்டை இழந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு இது இன்னொரு சுமை. ஆர்.எல்.லில் உள்ள லாக்டேட்டைக் கல்லீரல் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. இழந்தது திரும்பக் கிடைக்கிறது. இந்தக் கலவையின் வரலாறே அதுதான். 1880களில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தைத் துடிக்க வைக்கத் தயாரித்த உப்பு நீரில், 1930களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் லாக்டேட்டைச் சேர்த்தார். நோயில் அமிலம் ஏறிப்போன குழந்தைகளைக் காப்பாற்றத்தான் அதைச் செய்தார்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? 2018இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஸ்மார்ட் என்ற அமெரிக்க ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 15,802 பேரை எடுத்துக்கொண்டது. மரணம், டயாலிசிஸ் தேவை, நீங்காத சிறுநீரகப் பாதிப்பு மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது சலைன் பக்கம் 15.4 சதம், ஆர்.எல். போன்ற சமநிலைக் கரைசல்கள் பக்கம் 14.3 சதம். வித்தியாசம் சின்னது, ஆனால் இருந்தது. பிறகு பிரேசிலில் 2021இல் பத்தாயிரம் பேருக்கு மேல் வைத்து ஓர் ஆய்வும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 2022இல் 5,037 பேரை வைத்து பிளஸ் என்ற ஆய்வும் வந்தன. இரண்டிலும் 90 நாள் இறப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிளஸ் ஆய்வில் 21.8 சதமும் 22 சதமும். இதைக் காட்டி "எதைப் போட்டாலும் ஒன்றுதான்" என்று வாதிடுபவர்கள் உண்டு.

நான் அதை அப்படி வாசிக்கவில்லை. அந்த இரண்டு ஆய்வுகளிலும் பெரும்பாலானோருக்கு ஏறிய அளவு மிதமானது. பேதியில் பி.பி. விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவருக்கு நாம் சில மணி நேரத்தில் ஏற்றும் அளவோடு அதை ஒப்பிட முடியாது. அங்கே சலைனோடு மோதியதும் பிளாஸ்மாலைட் என்ற இன்னொரு சமநிலைக் கரைசல், ஆர்.எல். அல்ல. ஒரு பாட்டில், இரண்டு பாட்டிலோடு வீட்டுக்குப் போகிறவருக்கு என்.எஸ்., ஆர்.எல். எது போட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நாலாவது பாட்டில், ஆறாவது பாட்டில் என்று போகும்போதுதான் தேர்வு கணக்கில் வரும். முதல் பாட்டிலைத் தொங்கவிடும்போது அவர் எத்தனை பாட்டிலில் நிற்பார் என்று யாருக்கும் தெரியாது. ஆர்.எல்.லோடு ஆரம்பிக்கச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பிளாஸ்மாலைட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோடியம் 140, குளோரைடு 98, கால்சியம் கிடையாது. தாளில் பார்த்தால் பிளாஸ்மாவுக்கு மிக நெருக்கமானது. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையில் சலைனை விட நன்றாக இருந்ததாக 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. விலை பல மடங்கு. பெரிய ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வுக்குச் சரி, பேதிக்கு அதை எழுதி வீட்டாரின் பில்லை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆர்.எல். மீது சில பயங்கள் நம் பக்கத்தில் வேரோடிக் கிடக்கின்றன. அதனால்தான் பல இடங்களில் அது அலமாரியின் கடைசித் தட்டில் தூங்குகிறது.

முதல் பயம் பொட்டாசியம். "கிட்னி பேஷண்டுக்கு ஆர்.எல். போடாதீங்க, பொட்டாசியம் ஏறிடும்" என்பது பாடம்போல் ஒப்பிக்கப்படுகிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 6 இருக்கும் ஒருவருக்கு 4 உள்ள நீரை ஏற்றினால் அது குறையத்தான் பார்க்கும், ஏறாது. சலைனில் பொட்டாசியமே இல்லையே என்று கேட்கலாம். ஆனால் சலைன் ஏற்றும் அமிலத்தன்மை, செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட 51 பேரை வைத்து 2005இல் வந்த ஓர் ஆய்வில், சலைன் ஏறியவர்களில் 19 சதம் பேருக்குப் பொட்டாசியம் 6ஐத் தாண்டியது. ஆர்.எல். ஏறியவர்களில் ஒருவருக்கும் தாண்டவில்லை. கிட்னி பேஷண்டிடம் பயப்பட வேண்டியது அளவைப் பற்றி. சிறுநீர் போகாத டயாலிசிஸ் நோயாளிக்கு எந்த நீரையும் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது, "சுகர் பேஷண்டுக்கு ஆர்.எல். ஆகாது" என்பது. ஒரு லிட்டரில் இருக்கும் லாக்டேட் முழுவதும் சர்க்கரையாக மாறினாலும் 3 கிராமைத் தாண்டாது. இதைச் சொல்லி ஆர்.எல்.லைத் தள்ளி வைத்துவிட்டு, 50 கிராம் சர்க்கரை உள்ள டி.என்.எஸ்.ஸை அதே சுகர் பேஷண்டுக்கு, அதில் நாலு யூனிட் இன்சுலினைக் கலந்து போடும் வழக்கத்தை என்னவென்று சொல்வது! கல்லீரல் முற்றிலும் செயலிழந்தவரிடம் லாக்டேட் தேங்கலாம். அங்கே யோசிக்க வேண்டும் என்பது நியாயம்.

மூன்றாவதுதான் உண்மையான பிரச்சினை: கால்சியம். நம் ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல் என்றால் கை தானாக எழுதும் ஆன்டிபயாடிக் ஊசி செஃப்ட்ரியாக்சோன். அது கால்சியத்தோடு சேர்ந்தால் மணல்போல் படியும். பிறந்து 28 நாளுக்குள் இருக்கும் பச்சைக் குழந்தைக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது; இறப்புகள் நடந்திருக்கின்றன. பெரியவர்களுக்கும் ஒரே லைனில் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. ஆர்.எல்.லை நிறுத்தி, லைனைச் சலைனால் அலசிவிட்டு, ஊசியைப் போட்டு, மறுபடி அலசிவிட்டுத்தான் தொடர வேண்டும். ராத்திரியில் ஒரே ஒரு சிஸ்டர் பத்து படுக்கையைப் பார்க்கும் இடத்தில் இது ஒழுங்காக நடக்காது என்று தோன்றினால் இரண்டாவது வென்ஃப்ளான் போட்டுவிடுங்கள். ரத்தம் ஏற்றும் லைனிலும் ஆர்.எல். வேண்டாம், ரத்தப்பையில் உறையாமலிருக்கச் சேர்த்த சிட்ரேட்டைக் கால்சியம் முறித்து ரத்தத்தைக் கட்டிப்போக வைக்கலாம். ரத்தத்துக்குத் துணை சலைன்தான்.

சலைன் முந்தும் மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பேதி இல்லாமல் வாந்தி மட்டும் நிற்காமல் எடுத்து வருபவர் இரைப்பையின் அமிலத்தை, அதாவது குளோரைடை இழந்திருக்கிறார். அவருக்கு வேண்டியது குளோரைடு; சலைன் போட்டு, சிறுநீர் போக ஆரம்பித்ததும் பொட்டாசியம் சேர்க்க வேண்டும். நான் பயிற்சி டாக்டர்களுக்குச் சொல்வது: மேலே போனால் சலைன், கீழே போனால் ஆர்.எல். கொச்சையாக இருந்தாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஞாபகம் வரும். தலையில் அடிபட்டவருக்கும் சலைன், ஆர்.எல். பிளாஸ்மாவை விடக் கொஞ்சம் நீர்த்தது, வீங்கும் மூளைக்கு அந்தக் கொஞ்சமும் கூடாது. சர்க்கரை ஏறி கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து மூச்சு இரைப்பவருக்கு முதல் மணி நேரத்தில் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்று சலைனில் தொடங்குவதே வழக்கம்; அங்கும் ஆர்.எல். தவறில்லை.

பொட்டாசியம் சேர்ப்பது என்றேன். அந்த 10 மில்லி ஆம்பூலில் 20 மில்லிமோல் இருக்கிறது. பாட்டிலில் கலந்து நன்றாகக் குலுக்கி மெதுவாக ஓட விட வேண்டியது. நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். மற்ற ஆம்பூல்களோடு ஒரே ட்ரேயில் அதை வைக்காதீர்கள்.

இனி டி.என்.எஸ். 500 மில்லி பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை. சக்தி என்று பார்த்தால் நூறு கலோரி, கிட்டத்தட்ட இரண்டு இட்லி. அந்தத் தெம்புக்காகவா நரம்பில் ஊசி? அதில் மல்டிவிட்டமின் ஊசியைக் கலந்து மஞ்சளாக்கித் தொங்கவிட்டால் "சத்து பாட்டில்". பார்க்க நன்றாக இருக்கும், ஏற்றிக்கொண்டவருக்கும் மனசுக்கு ஆறுதலாக இருக்கும். மறுநாள் காலை அந்த விட்டமினில் பெரும்பகுதி சிறுநீரில் போயிருக்கும். தீங்கும் உண்டு. வேகமாக ஏற்றும்போது ரத்தச் சர்க்கரை எகிறும், எகிறிய சர்க்கரை சிறுநீரில் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். நீர் வற்றிப்போனவர் நிறையச் சிறுநீர் கழிப்பதைப் பார்த்து "நல்லா யூரின் போகுது, தேறிட்டார்" என்று நாம் ஏமாறுவோம்.

ஆனால் டி.என்.எஸ்.ஸுக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கீட்டோன் வந்த சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் ஓடிக்கொண்டிருக்கும்போது சர்க்கரை 250க்கு இறங்கியதும் குளுக்கோஸ் உள்ள பாட்டிலுக்கு மாற வேண்டும். அப்போது இது கை கொடுக்கும். சாப்பிடக் கூடாது என்று வைத்திருக்கும் குழந்தைக்கு அன்றாடத் தேவைக்கு ஏற்ற வேண்டிய நீரும் டி.என்.எஸ்.ஸோடு பொட்டாசியம் சேர்த்ததுதான். இந்த இடத்தில் நம் ஊரில் ஐசோலைட் பி என்ற பாட்டில் ரொம்ப காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. அதில் சோடியம் லிட்டருக்கு 25 அளவுதான். நோயுற்ற குழந்தையின் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் இவ்வளவு நீர்த்ததை ஏற்றினால் சோடியம் சரிந்து வலிப்பு வரை போகலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 28 நாள் முதல் 18 வயது வரை, பிளாஸ்மாவுக்கு இணையான சோடியம் உள்ள நீரையே சொல்கிறது. குடித்துவிட்டுச் சாப்பிடாமல் கிடந்து வருபவருக்குச் சர்க்கரை உள்ள பாட்டிலை ஏற்றுவதென்றால் கூடவே தயமின் (விட்டமின் பி1) ஊசியும் போடுங்கள். வெறும் சர்க்கரை மூளையைக் கெடுத்துவிடும்.

நம் பக்கத்தில் அடிக்கடி வரும் நிலைமைகளில் இந்தத் தேர்வு எப்படி நடக்கும்?

பேதிதான் பெரும்பங்கு. கெடா வெட்டு முடிந்து ஒரு தெருவே வந்து நிற்கும் நாட்களும் உண்டு. இங்கே எந்த பாட்டில் என்பதைவிட எவ்வளவு வேகம் என்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். கடுமையான நீரிழப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது கிலோவுக்கு 100 மில்லி ஆர்.எல்.; அது கிடைக்காவிட்டால் சலைன். 50 கிலோ எடையுள்ளவருக்கு 5 லிட்டர். முதல் ஒன்றரை லிட்டர் அரை மணி நேரத்தில், மீதி மூன்றரை லிட்டர் அடுத்த இரண்டரை மணி நேரத்தில். அதாவது மூன்று மணி நேரத்தில் பத்து பாட்டில்! நாம் என்ன செய்கிறோம்? மெல்லிய நீல வென்ஃப்ளான் ஒன்றைப் போட்டு, ஒரு பாட்டிலை நாலு மணி நேரத்துக்குச் சொட்ட விடுகிறோம். நாடி கிடைக்காதவருக்கு இரண்டு கையிலும் அதைவிடப் பருமனான பச்சை, முடிந்தால் இன்னும் பருமனான சாம்பல் நிற வென்ஃப்ளான் போட வேண்டும். இந்த 5 லிட்டரையும் சலைனாகப் போட்டால் 45 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் வையுங்கள் என்று நாமே சொல்லும் உப்பு. டி.என்.எஸ்.ஸாகப் போட்டால் அதோடு கால் கிலோ சர்க்கரை. ஆர்.எல்.லுக்கு வேறு வக்கீல் வேண்டியதில்லை.

இந்த வேகம் இதயம் பலவீனமானவருக்கும் வயதானவருக்கும் அப்படியே பொருந்தாது. கால் லிட்டர் ஏற்றி, முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து நுரையீரலின் அடிப்பகுதியைக் கேட்டு, பிறகு அடுத்த கால் லிட்டர்.

சித்திரை வெயில் அடுத்தது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் நிற்கும் கூட்டத்தில் மயங்கி விழுகிறவர்களில் பெரும்பாலோர் நிழலில் படுக்க வைத்து, உப்புப் போட்ட மோர் கொடுத்தால் எழுந்துவிடுவார்கள். உடம்பு 40 டிகிரிக்கு மேல் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்கு. அவருக்குப் பாட்டிலைத் தேடுவதற்கு முன்னால் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும்; உடம்பைக் குளிர வைப்பதுதான் மருந்து, ஆர்.எல். துணைக்கு. இன்னொரு வகையும் உண்டு: பி.பி.க்கு நீர் மாத்திரை சாப்பிடும் பாட்டி, "வெயிலுக்குத் தண்ணி நிறையக் குடிங்க" என்று சொன்னதைக் கேட்டு வெறும் தண்ணீராகவே குடித்து, உளறிக்கொண்டு வருவார். சோடியம் 115 இருக்கும். இவருக்கு ஐந்து சத டெக்ஸ்ட்ரோஸ் ஆபத்து, ஆர்.எல்.லும் தோதில்லை. வலிப்போ ஆழ்ந்த மயக்கமோ இருந்தால் மூன்று சத சலைன் 100 முதல் 150 மில்லி. பிறகு ஒரு நாளில் சோடியம் எட்டு, பத்துக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரமாக ஏற்றினால் மூளைத்தண்டு நிரந்தரமாகக் கெடும்.

டெங்கு வடகிழக்குப் பருவமழையோடு வருவது. வீட்டார் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பப்பாளி இலைச் சாறு ஒரு பக்கம் அரைபடும். நீரைத் தீர்மானிப்பதோ பி.சி.வி., அதாவது ஹீமட்டோகிரிட் எனப்படும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. டெங்குவில் ரத்தக்குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிகிறது. கசிவு 24 முதல் 48 மணி நேரம்தான். அந்த நேரத்தில் குறைவாகக் கொடுத்தால் பி.பி. விழும், கூடுதலாகக் கொடுத்தால் கசிந்ததெல்லாம் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கி மூச்சுத் திணறும். எச்சரிக்கை அறிகுறிகள் உள்ளவருக்கு முதல் ஒன்றிரண்டு மணி நேரம் மணிக்கு கிலோவுக்கு 5 முதல் 7 மில்லி, பிறகு 3 முதல் 5, பிறகு 2 முதல் 3 என்று பி.சி.வி.யைப் பார்த்துப் பார்த்துக் குறைப்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. 50 கிலோ ஆளுக்கு முதல் மணி நேரத்தில் 250 முதல் 350 மில்லி. இதற்கு ஆர்.எல்., என்.எஸ். இரண்டில் எதுவும் ஆகும். வேகமாக ஏற்றுவதற்கு டி.என்.எஸ். மட்டும் ஆகாது. ஸ்டார்ச் கலந்த விலை உயர்ந்த பாட்டில்கள் தேவையா என்று கேட்பவர்களுக்கு: வியட்நாமில் அதிர்ச்சி நிலைக்குப் போன 383 குழந்தைகளை வைத்து 2005இல் வந்த ஆய்வில், மிதமான அதிர்ச்சிக்கு ஆர்.எல்.லே போதுமானதாக இருந்தது. காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, சிறுநீர் தாராளமாகப் போக ஆரம்பித்ததும் பாட்டிலைக் கழற்றுங்கள். மீதி இருக்கிறதே என்று ஓட விடுவதுதான் பலரை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோகிறது.

தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். வயிற்றில் மாடு குத்தி வருபவருக்கு பாட்டில் மேல் பாட்டிலாக ஏற்றக் கூடாது. ஏற ஏற ரத்தம் நீர்த்துப்போய் உறையும் சக்தி குறையும், பி.பி. ஏறியதும் அடைபட்ட குழாய் திறந்துகொள்ளும். தலையில் அடி இல்லை என்றால் மேல் அழுத்தம் 80, 90 இருக்குமளவுக்கு ஆர்.எல்.லைச் சின்னச் சின்ன அளவாகக் கொடுத்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் ஒரு கிராமை மூன்று மணி நேரத்துக்குள் போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டுவதுதான் சரி. அவருக்கு வேண்டியது ரத்தமும் அறுவை சிகிச்சையும்.

இதெல்லாம் ஊசி தேவைப்படுபவர்களுக்கு. வாய்வழியே குடிக்க முடிகிறவருக்கு இந்த எல்லா பாட்டில்களையும் ஜெயிக்கும் ஒன்று இருக்கிறது: ஓ.ஆர்.எஸ். பொட்டலம். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவன் அகதி முகாமில் காலராவுக்கு ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதம் வரை இருந்த இறப்பு 4 சதத்துக்கும் கீழே வந்தது. இன்றைய பொட்டலத்தில் லிட்டருக்கு சோடியம் 75, பொட்டாசியம் 20. பேதியில் போகும் பொட்டாசியத்தை ஆர்.எல்.லின் நாலு ஈடுகட்டாது, ஓ.ஆர்.எஸ்.ஸின் இருபது ஈடுகட்டும். அதனால் பாட்டில் ஓடும்போதே, குடிக்க முடிந்த நிமிஷத்திலிருந்து டம்ளரில் கொடுக்க ஆரம்பித்துவிட வேண்டும். பொட்டலத்தை முழுதாகச் சொன்ன அளவு தண்ணீரில் கரைக்க வேண்டும், பாதியைப் போட்டு ருசி பார்க்கக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. உப்புக் கஞ்சி, நீர்மோர் பரவாயில்லை. கடையில் டப்பாவில் விற்கும் இனிப்பு பானங்களை இதற்குப் பதிலாக வாங்கித் தராதீர்கள்.

"குடிக்கிறதுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். நாடி, நாக்கு, சிறுநீர் மூன்றையும் பார்த்துவிட்டு, ஒரு சிஸ்டரை அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்து ஸ்பூனால் கொடுக்கச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் நம் முன்னாலேயே தேறுவார்கள். ஆஸ்பத்திரிக்கு வருமானம் குறையும் என்பதும் உண்மைதான்.

ஆர்டர் போடும் நிர்வாகத்துக்கு என் யோசனை: மொத்தத்தில் பாதி ஆர்.எல். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் என்.எஸ்.; ஊசி மருந்து கலக்கவும் லைன் அலசவும் 100 மில்லி பாட்டில்கள் தனியாக. டி.என்.எஸ். ஒரு தட்டு போதும். சர்க்கரை தாழ்ந்து வருபவருக்கு 25 சத டெக்ஸ்ட்ரோஸ், மூன்று சத சலைன் இரண்டும் எமர்ஜென்சி அலமாரியில், எழுத்துப் பெரிதாகத் தெரியும்படி. சொட்டு எண்ணுவதற்கு ஐ.வி. செட் உறையைப் பாருங்கள். மில்லிக்கு 20 சொட்டு என்று போட்டிருந்தால் 500 மில்லியை நாலு மணி நேரத்தில் முடிக்க நிமிஷத்துக்கு 42 சொட்டு. சில செட்டுகளில் மில்லிக்கு 15 சொட்டு, குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60. செட் மாறினால் கணக்கும் மாறும்.

அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் "ஐ.வி. ஃப்ளூயிட்ஸ் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அங்கே எடுத்துக்கொள்பவருக்கு அதை வைத்து எதையும் கணக்குப் போட முடியாது. இப்படி எழுதினால் போதும்: ஆர்.எல். 1500 மில்லி, இரவு 10.15 முதல் 10.50 வரை. வரும்போது பி.பி. 70, இப்போது 96. சிறுநீர் 60 மில்லி. செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் 11 மணிக்கு, இடது கை லைனில் தனியாக. இப்போது ஓடுவது நாலாவது ஆர்.எல்., வலது கை.